இன்ஜினை மாற்றும் முன் ஏர் ஃபில்டர் டப்பாவைத் திறந்து பாருங்கள்

உட்கார்ந்து ஓட்டுகிற புல் வெட்டும் வண்டி ஒன்றுக்கு இந்த மழைக்காலத்தில் இன்ஜின் மாற்றிக் கொடுத்தேன். பெங்களூரில் இந்த மாதிரி வண்டிகள் அதிகம் கிடையாது. கோல்ஃப் மைதானங்கள், பெரிய பள்ளிகள், ஒயிட்ஃபீல்டு பக்கத்து ஐடி வளாகங்கள், ஊருக்கு வெளியே சில ரிசார்ட்டுகள், இவ்வளவுதான். வண்டி குறைவாக இருப்பதால் அதன் வேலை தெரிந்தவர்களும் குறைவு. ரிப்பேர் என்று வந்தால் "இதைத் தூக்கிப் போட்டுட்டு புதுசு வாங்கிடுங்க" என்று யாராவது சொல்லிவிடுகிறார்கள். நல்ல வண்டிகள் அப்படிப் பழைய இரும்புக்குப் போவதைப் பார்த்து எனக்கு மனசு ஆறுவதில்லை. அதனால் கொஞ்சம் விவரமாகவே எழுதுகிறேன். வண்டி வைத்திருப்பவர்களுக்கும், என்னைப் போலச் சின்ன இன்ஜின் வேலை பார்ப்பவர்களுக்கும் பயன்படட்டும்.

அல்சூர் ஏரிக்குப் பின்பக்கம் ஒரு சந்தில் எங்கள் பட்டறை. தண்ணீர் பம்பு, ஜெனரேட்டர், தோளில் மாட்டிப் புல் வெட்டும் மெஷின், மருந்தடிக்கும் ஸ்பிரேயர் என்று ஒற்றை சிலிண்டர் இன்ஜின் எதுவாக இருந்தாலும் பார்ப்போம். அப்பா பின்னி மில்லில் ஃபிட்டராக இருந்தவர். மில் வேலை முடிந்த பிறகு இதைத் தொடங்கினார். இப்போது நான் நடத்துகிறேன். அவர் காலையில் வந்து ஸ்டூலில் உட்கார்ந்து, எந்த இன்ஜின் எப்படிச் சத்தம் போடுகிறது என்று கேட்டுக்கொண்டிருப்பார்.

வண்டி வந்தது சர்ஜாபூர் தாண்டி இருக்கிற ஒரு பள்ளியிலிருந்து. அதை ஓட்டுகிற அண்ணன் திருப்பத்தூர் பக்கத்துக்காரர். மைதானத்தில் புல் நட்ட காலத்திலிருந்து அங்கேயே இருக்கிறார். டெம்போவிலிருந்து வண்டியை இறக்கும்போதே அவர் சொன்ன அறிகுறிகள் தெளிவாக இருந்தன. "நீலமாப் புகை விடுதும்மா. ஆயில் ஊத்தி மாளலை. பிளேடைப் போட்டுட்டு மேட்டுல ஏறினா திணறி நின்னுடுது." கூடவே ஒரு விஷயம் சொன்னார்: ஆயில் அளவு பார்க்கிற டிப்ஸ்டிக்கின் மூடியைத் திறந்தால் உள்ளேயிருந்து புஸ்ஸென்று காற்று அடிக்கிறது. இந்த ஒரு வரி எனக்குப் பாதி வேலையை முடித்துக் கொடுத்தது. தினமும் வண்டியோடு இருப்பவர் சொல்வதை மெக்கானிக் முதலில் உட்கார்ந்து கேட்க வேண்டும்.

இன்ஜின் பக்கம் போவதற்கு முன்னால் மற்றதைப் பார்த்தேன். இன்ஜின் மாற்றுவது செலவு பிடித்த வேலை. மீதி வண்டி அந்தச் செலவுக்குத் தகுமா என்று தெரியாமல் இறங்கக் கூடாது. பிளேடுகளை மூடியிருக்கும் தகட்டு டெக்கைக் கழற்றித் திருப்பிப் போட்டோம். காய்ந்த புல் விரற்கடை தடிமனுக்கு ஒட்டியிருந்தது. சுரண்டிய பிறகு பார்த்தால் தகடு கெட்டியாக இருந்தது, ஓட்டை இல்லை. பிளேடுகள் சுற்றுகிற இரண்டு ஸ்பிண்டில் அச்சுகளில் இடதுபக்கத்தில் கொஞ்சம் ஆட்டம். அதன் பேரிங் எஸ்ஜேபி ரோட்டில் எந்தக் கடையிலும் கிடைக்கும். சக்கரத்துக்குச் சக்தி கொடுக்கிற ஹைட்ரோஸ்டாட்டிக் டிரான்ஸ்மிஷன் முன்னுக்கும் பின்னுக்கும் சத்தமில்லாமல் போனது. இதுதான் முக்கியம். அதற்கும் ஆயுசு முடிந்திருந்தால் நானே வேண்டாம் என்று சொல்லியிருப்பேன். ஸ்டீயரிங், சட்டம், முன் அச்சு எல்லாம் சரியாகவே இருந்தன. மொத்தத்தில் நல்ல உடம்பு. கெட்டது இன்ஜின் மட்டும்தான்.

அந்த இன்ஜினும் உண்மையிலேயே தேய்ந்துதான் போயிருக்கிறதா? புகையையும் ஆயில் குடிப்பதையும் வைத்து மட்டும் முடிவு செய்ய முடியாது. இந்த வகை ஒற்றை சிலிண்டர் இன்ஜின்களில் சிலிண்டருக்கும் அதன் மூடிக்கும் நடுவில் இருக்கிற ஹெட் கேஸ்கட், வால்வைத் தள்ளுகிற புஷ்ராடு போகிற அறையின் பக்கம் பிய்ந்துகொண்டாலும் இதே அறிகுறிதான் வரும். எரியும் காற்று அந்த வழியாக, ஆயில் இருக்கிற கிராங்க்கேஸ் பெட்டிக்குள் இறங்கும். உள்ளே அழுத்தம் ஏறும். உள்ளே சேரும் காற்றை வெளியே விடுகிற பிரீதர் குழாய் வழியாக ஆயில் கார்புரேட்டருக்கு ஏறிப் புகையாகும். கேஸ்கட் மாற்றினால் தீர்ந்துவிடுகிற கோளாறுக்கு இன்ஜினையே மாற்றிவிட்டவர்கள் உண்டு.

சிலிண்டர் அழுத்தத்தைக் காட்டுகிற கம்ப்ரஷன் கேஜ் வைத்துப் பார்த்தால் போதாதா என்று எங்கள் பட்டறைத் தம்பி கேட்டான். இதில் போதாது. சுலபமாக ஸ்டார்ட் ஆகட்டும் என்பதற்காக கேம்ஷாஃப்டில் ஒரு சின்ன ஏற்பாடு இருக்கும். மெதுவாகச் சுற்றும்போது அது வால்வை லேசாகத் திறந்து அழுத்தத்தை வெளியே விடும். ஆகவே புது இன்ஜினே கேஜில் குறைவாகத்தான் காட்டும். செய்ய வேண்டியது லீக் டவுன் சோதனை. பிஸ்டனை கம்ப்ரஷன் முடிவில் உச்சியில் நிறுத்தி, ஷாஃப்ட் சுற்றாமல் பிடித்துக்கொண்டு, பிளக் துவாரம் வழியாக கம்ப்ரசர் காற்றை விட வேண்டும். காற்று எங்கே தப்பிக்கிறது என்று காது கொடுத்துக் கேட்க வேண்டும். சைலன்சரில் கேட்டால் எக்ஸாஸ்ட் வால்வு. கார்புரேட்டரில் கேட்டால் இன்டேக் வால்வு. டிப்ஸ்டிக் துவாரத்தில் கேட்டால் பிஸ்டனைச் சுற்றியிருக்கிற ரிங், அல்லது நான் சொன்ன அந்த கேஸ்கட். நூறு பவுண்டு அழுத்தத்தில் காற்று விட்டோம். பாதிக்கு மேல் தப்பித்தது. முழுக்க டிப்ஸ்டிக் துவாரத்தில்.

ஹெட்டைக் கழற்றினோம். கேஸ்கட் முழுசாக இருந்தது. அப்படியென்றால் ரிங். சிலிண்டர் சுவரில் மேலிருந்து கீழாக நேர்க்கோடுகள். மேலே ரிங் திரும்புகிற இடத்தில் விரல் நகத்தை வைத்து இழுத்தால் படியில் தட்டுவது போல மாட்டியது. பிஸ்டனை அழுத்தி ஆட்டினால், பிஸ்டனை கிராங்க் ஷாஃப்டோடு இணைக்கிற கனெக்டிங் ராடின் பெரிய முனையிலும் டக் டக் என்று இடைவெளி. இந்த இன்ஜின்களில் பல, ராடின் அலுமினியத்தையே கிராங்கின் மேல் நேராக ஓட விடுகின்றன. தனியாக பேரிங் ஷெல் இருக்காது. அது தேய்ந்தால் கிராங்கும் கூடவே கீறல் வாங்கும். சிலிண்டரைப் பெரிதாகக் கடைந்து பெரிய பிஸ்டன் போடலாம், பீன்யா தொழிற்பேட்டையில் அதற்கு நல்ல ஆட்கள் இருக்கிறார்கள். ஆனால் அந்த அளவுப் பிஸ்டனும் ரிங்கும் ராடும் இங்கே கைக்குக் கிடைக்காது. கிடைத்தாலும் கிராங்கை என்ன செய்வது? இங்கேதான் இன்ஜின் மாற்றுவது என்று முடிவு செய்தேன்.

ஆனால் நான் எழுத உட்கார்ந்ததே அடுத்து வருகிற விஷயத்துக்காக.

வண்டியில் ஹவர் மீட்டர் இருக்கிறது. ஓடிய மணிநேரத்தைப் பார்த்தால் இந்த அளவுத் தேய்மானம் வரக் கூடாது. ஆயில் சரியாகவே மாற்றப்பட்டிருக்கிறது, அண்ணன் நோட்டில் எழுதி வைத்திருக்கிறார். அப்படியானால் மணல் உள்ளே போயிருக்க வேண்டும். ஏர் ஃபில்டர் டப்பாவைத் திறந்தேன். ஃபில்டர் வெளியே பார்க்கச் சுத்தமாகத்தான் இருந்தது. அதை எடுத்துவிட்டு அது உட்கார்கிற தட்டைப் பார்த்தேன். ஃபில்டருக்கு உள்பக்கம், சுத்தமான காற்று மட்டும் போக வேண்டிய இடத்தில், ஒரு ஓரத்திலிருந்து கார்புரேட்டர் வாய் வரைக்கும் செம்மண் கோடு ஒன்று ஓடியிருந்தது. எறும்புச் சாரி மாதிரி மெல்லியதாக, ஆனால் விட்டுப்போகாமல். கார்புரேட்டர் வாய்க்குள் விரலை விட்டுத் துடைத்தால் விரல் நுனியில் சிவப்பு. வடித்த ஆயிலில் ஒரு சொட்டை எடுத்துக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் தேய்த்துப் பார்த்தேன். நெறுநெறுவென்று இருந்தது.

காரணம் என்னவென்றால், பேப்பர் ஃபில்டரைத் தண்ணீரில் கழுவி வெயிலில் காய வைத்து மறுபடி மாட்டியிருக்கிறார்கள். முன்பு பராமரிப்பு பார்த்த ஆட்கள் செய்த வேலை. பேப்பர் ஃபில்டரைக் கழுவக் கூடாது, காற்றடித்தும் சுத்தம் செய்யக் கூடாது. நனைந்தால் பேப்பர் தன் வடிவத்தை இழக்கும். அதைச் சுற்றியுள்ள ரப்பர் விளிம்பு இறுகிப்போய் தட்டில் சரியாக உட்காராது. ஒரு ஓரத்தில் மயிரிழை இடைவெளி வந்தால் போதும், காற்று ஃபில்டரைச் சுற்றிக்கொண்டு அந்த வழியாகவே போகும். சர்ஜாபூர் பக்கத்து மண் சிவப்பு மண். அதில் இருக்கிற பொடி மணல் இரும்பைவிடக் கடினமானது. பிப்ரவரி, மார்ச்சில் தரை காய்ந்து கிடக்கும்போது பிளேடு கிளப்புகிற தூசியில் ஓட்டுபவரின் சட்டை நிறமே மாறிப்போகிறது. அந்தத் தூசி ஆயிலில் கலந்தால் வால்வு தேய்க்கிற பேஸ்ட் தயாராகிவிடும். பிஸ்டன் ஒவ்வொரு முறை ஏறி இறங்கும்போதும் அது சுவரைத் தேய்த்துக்கொண்டேயிருக்கும்.

இந்த இன்ஜினைக் கொன்றது ஒரு ஃபில்டரின் ரப்பர் விளிம்பு. இது தெரியாமல் புது இன்ஜினை மாட்டி, அதே மாதிரி கழுவிய ஃபில்டரைப் போட்டிருந்தால் அதுவும் இதே வழியில்தான் போயிருக்கும். பழைய இன்ஜினைப் பிரித்துப் பார்க்காமல் அப்படியே இறக்கி வைத்துவிட்டுப் புதியதை ஏற்றுகிறவர்கள், அடுத்த இன்ஜினின் சாவையும் சேர்த்தே மாட்டிவிடுகிறார்கள் என்றுதான் சொல்வேன். பள்ளி அலுவலகத்தில் அந்த ஃபில்டர் தட்டையே கொண்டுபோய் மேஜை மேல் வைத்துக் காட்டினேன். அந்தச் சிவப்புக் கோட்டைப் பார்த்த பிறகு நான் அதிகம் பேச வேண்டியிருக்கவில்லை.

சரி, புது இன்ஜின். ஜேசி ரோடு, எஸ்ஜேபி ரோடு முழுக்க இன்ஜின்கள் அடுக்கி வைத்திருக்கிறார்கள். எல்லாம் ஷாஃப்ட் படுத்த வாக்கில் வெளியே வருபவை. பம்புக்கும் பவர் டில்லருக்கும் ஜெனரேட்டருக்கும் அதுதான் வேண்டும். இந்த வண்டிக்கு ஷாஃப்ட் நேராகக் கீழே இறங்க வேண்டும். மேலே ஒரு புல்லி சக்கரத்துக்கான பெல்ட்டை இழுக்கும், அதற்குக் கீழே மின்சார கிளட்ச் பிளேடுக்கான பெல்ட்டை இழுக்கும். "படுத்த இன்ஜினைத் திருப்பி நிக்க வெச்சு மாட்டிடலாமே" என்று ஒரு கடைக்காரர் ஆர்வமாகச் சொன்னார். முடியாது. அந்த இன்ஜினுக்குள் ஆயிலை வாரி அடிக்கிற கரண்டி, ஆயில் எந்த மட்டத்தில் நிற்க வேண்டும், பிரீதர் எங்கே, கார்புரேட்டரின் மிதவை எப்படி மிதக்கும் என்பதெல்லாம் படுத்த நிலைக்காகவே அமைந்தவை. செங்குத்தாக நிறுத்தினால் பெரிய முனைக்கு ஆயிலே போகாது. ஆகவே வெளிநாட்டிலிருந்து வரவழைப்பதுதான் வழி.

வரவழைப்பதற்கு முன் அளவுகள் சரியாக இருக்க வேண்டும். ஷாஃப்டின் விட்டம் 1 அங்குலம், நீளம் 3 5/32 அங்குலம், புல்லி வழுக்காமல் பிடிக்கிற சாவிக் கட்டை உட்காரும் சாவிக் காடி கால் அங்குலம். இன்ஜினை சட்டத்தில் பிடிக்கிற நான்கு போல்ட்டுகளும் 10 அங்குல வட்டத்தில். இந்த நான்கும் பொருந்தினால் வேறு கம்பெனி இன்ஜின்கூட உட்கார்ந்துவிடும். ஷாஃப்ட் நீளம் கொஞ்சம் மாறினாலும் பெல்ட்டுகள் கோணலாக ஓடிப் பிய்த்துக்கொள்ளும்.

நாங்கள் எடுத்தது பிரிக்ஸ் அண்ட் ஸ்ட்ராட்டன், 19 குதிரைத்திறன். 1908இல் அமெரிக்காவின் மில்வாக்கியில் தொடங்கிய கம்பெனி. அவர்களுடைய இந்த வகை இன்ஜின்களின் மாடல் எண்ணைப் படிக்கத் தெரிந்தால் பாதி விவரம் அதிலேயே இருக்கும். முதல் எண்கள் கன அங்குலத்தைச் சொல்லும். 33 என்று தொடங்கினால் 33 கன அங்குலம், அதாவது சுமார் 540 சிசி. கூடவே அடித்திருக்கிற கோடு எண்ணில் தயாரித்த வருடம், மாதம், தேதி இருக்கும். பழைய இன்ஜின் 17.5 குதிரைத்திறன். அதற்கு மேல் எதற்கு என்று பள்ளியில் கேட்டார்கள். பெங்களூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 920 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, அதாவது 3,000 அடி. டர்போ இல்லாத இன்ஜின் ஒவ்வொரு 1,000 அடிக்கும் ஏறத்தாழ 3.5 சதவீதம் சக்தியை இழக்கும். காற்று மெலிந்திருப்பதே காரணம். 17.5 என்று ஸ்டிக்கரில் இருப்பது இங்கே 15.7க்குப் பக்கத்தில்தான் வரும். 19 என்பது 17 ஆகும். மழைக்குப் பின் முழங்கால் உயரம் வளர்ந்த ஈரப்புல்லில் மேட்டில் ஏறுகிற வண்டிக்கு இந்த வித்தியாசம் தேவை.

இன்ஜின் வந்து சேரும் வரை பள்ளியில் தோளில் மாட்டுகிற மெஷின்களை வைத்து ஓட்டினார்கள். செப்டம்பர் மழையில் பெங்களூர்ப் புல் எப்படி வளரும் என்று அண்ணனைத்தான் கேட்க வேண்டும். நாங்கள் அந்த நேரத்தில் பழையதை இறக்குகிற வேலையில் இருந்தோம். அதில் பெரும்பாடு புல்லிதான்.

பேட்டரியின் நெகடிவ் வயரைக் கழற்றி, பெட்ரோல் டேப்பை மூடி, வயர்களுக்கு டேப் ஒட்டிப் பெயர் எழுதி, ஆயில் வடித்து, கீழேயிருந்து கிளட்ச் போல்ட்டை எடுத்தோம். இங்கே அளவெல்லாம் அங்குலம். அப்பா தன் மில் காலத்து ஸ்பேனர் பெட்டியைத் திறந்து கொடுத்தார். அவை விட்வர்த் ஸ்பேனர்கள். அதில் எழுதியிருக்கும் எண் போல்ட்டின் தடிமன். அமெரிக்க ஸ்பேனரில் இருக்கும் எண் தலையின் அகலம். எண் ஒன்றாக இருந்தாலும் அளவு ஒன்றாகாது, பலவந்தமாக மாட்டினால் தலை உருண்டுவிடும். நமக்கு வேண்டியது 5/8 அங்குல சாக்கெட். 16 மில்லிமீட்டர் சாக்கெட்டும் இதற்குக் கச்சிதமாகவே உட்காரும், ஏனென்றால் 5/8 அங்குலம் என்பது 15.9 மில்லிமீட்டர்.

கிளட்ச் வந்துவிட்டது. புல்லி வரவில்லை. வருஷக்கணக்கில் புல்லின் ஈரம் பட்டு ஷாஃப்டோடு துரு ஏறி ஒன்றாகியிருந்தது. இந்த இடத்தில் பலரும் சுத்தியலை எடுப்பார்கள். அடிக்கிற ஒவ்வொரு அடியும் ஷாஃப்ட் வழியாக ஏறி கீழ் பேரிங்கையும் இன்ஜினின் அடிப்பாகமான சம்ப்பையும் உடைக்கும். பழைய இன்ஜின்தானே என்று நினைக்கலாம். புல்லியைத் தூக்கிப் போடப் போவதில்லையே, அதே புல்லியைத்தான் திரும்ப மாட்ட வேண்டும். சாவிக் காடியின் வழியாகத் துரு நீக்கி எண்ணெய் ஊற்றி இரவு முழுக்க ஊற விட்டோம். மறுநாள் மூன்று கால் புல்லரை மாட்டி இறுக்கி, புல்லியின் நடுப்பகுதியை மட்டும் வெப்பத் துப்பாக்கியால் சூடாக்கி, கொஞ்சம் ஆற விட்டு மறுபடி கால் சுற்று இறுக்கினோம். அவசரப்பட்டால் புல்லியின் விளிம்பு வளைந்துவிடும், தகடுதான் அது. தம்பி இறுக்க, அப்பா ஸ்டூலிலிருந்து "நிறுத்து, அது பேசட்டும்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். சாயந்திரம் 'டங்' என்று ஒரு சத்தம். ஒரு நூல் அளவு நகர்ந்திருந்தது. அதற்கப்புறம் கையாலேயே வந்துவிட்டது. புது இன்ஜினில் மாட்டும்போது ஷாஃப்டை எமரித் தாளால் துடைத்து ஆன்டி சீஸ் பேஸ்ட் தடவியே ஏற்றினேன். அடுத்து கழற்றப் போகிறவர் யாராக இருந்தாலும் சிரமப்படக் கூடாது.

இப்படி வேலை நடக்கும்போது அப்பா ஒரு விஷயம் சொன்னார். புல் வெட்டும் இயந்திரத்தை முதன்முதலில் செய்தவர் எட்வின் பட்டிங் என்ற இங்கிலாந்துக்காரர், 1830இல். துணி மில்லில் கம்பளித் துணியின் மேல் நிற்கிற பிசிறை வெட்டி ஒரே மட்டமாக்குகிற உருளை மெஷினைப் பார்த்துத்தான் அவருக்கு இந்த யோசனை வந்தது. பின்னி மில்லின் முழுப்பெயரே பெங்களூர் உல்லன், காட்டன் அண்ட் சில்க் மில்ஸ். அப்பா கம்பளிப் பிரிவில் அந்தப் பிசிறு வெட்டும் மெஷினுக்குக் கத்தி தீட்டியவர். இன்றைய வண்டியில் உருளை இல்லை, தட்டையாகச் சுற்றுகிற பிளேடுதான். ஆனாலும் அவர் அந்த டெக்கை உரிமையோடு தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இன்ஜினைத் தூக்கி வைத்து நான்கு போல்ட்டையும் போடுவது எளிது. கிளட்சைத் திரும்ப மாட்டும்போது, அது சுற்றாமல் தடுக்கிற சின்னப் பட்டை தன் இடத்தில் இருக்கிறதா என்று கட்டாயம் பார்க்க வேண்டும். அது இல்லையென்றால் பிளேடைப் போட்டவுடன் கிளட்சே சுற்றி வயரைப் பிய்த்துக்கொண்டு போகும். சைலன்சர் வாய் பழையதைவிட வேறு திசையில் இருந்ததால் பக்கத்து வெல்டிங் கடையில் ஒரு வளைகுழாய் செய்து வாங்கினோம்.

வயரிங்கைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். கார், பைக் வேலை மட்டும் தெரிந்தவர்கள் புது இன்ஜினைப் பாழாக்குவது இங்கேதான். இந்த இன்ஜினின் பிளக்குக்குப் பேட்டரி தேவையில்லை. ஷாஃப்டோடு சேர்ந்து சுற்றுகிற கனமான ஃப்ளைவீல் சக்கரத்தில் இருக்கிற காந்தம் காயிலைக் கடந்து போகும்போது அதுவே தீப்பொறியை உண்டாக்கும். காயிலிலிருந்து வருகிற மெல்லிய வயர் இன்ஜினை நிறுத்துவதற்கு. அதை பாடியில் தொட வைத்தால் பொறி நிற்கும். சீட்டிலிருந்து எழுந்தால் வண்டி நிற்பது இந்த வயர் மூலமாகத்தான். "இக்னிஷன் வயர்" என்று நினைத்து அதில் 12 வோல்ட் கொடுத்தால் காயில் கருகிவிடும்.

இதற்கு நேர் எதிராக, கார்புரேட்டரின் அடியில் ஒரு சோலனாய்டு இருக்கும். சாவியை அணைத்த பிறகு சைலன்சரில் பெட்ரோல் வெடிக்காமல் இருக்க அது வழியை அடைக்கும். அதற்குச் சாவி போட்டிருக்கும் நேரமெல்லாம் 12 வோல்ட் கொடுத்தே ஆக வேண்டும். கொடுக்காவிட்டால் இன்ஜின் நன்றாகச் சுற்றும், பொறி வரும், ஆனால் பெட்ரோல் வராது. ஸ்டார்ட் ஆகவே ஆகாது. பழைய இன்ஜினும் புதியதும் வேறு வேறு கம்பெனி, வயர் நிறமும் சாக்கெட்டும் ஒத்துப்போகவில்லை. நிறத்தை நம்பாமல் ஒவ்வொரு வயரையும் டெஸ்ட் லேம்ப்பும் மல்டிமீட்டரும் வைத்து, சாவி போட்டபோது என்ன, அணைத்தபோது என்ன என்று நோட்டில் எழுதியபின்தான் இணைத்தேன். சார்ஜிங் வயரும் அப்படித்தான். சில ஆல்டர்னேட்டர்களில் ஒரு வயரில் பேட்டரிக்கான டிசியும் இன்னொன்றில் விளக்குக்கான ஏசியும் வரும். மாற்றிக் கொடுத்தால் பேட்டரி போய்விடும்.

புது இன்ஜின் பெட்டியில் ஆயில் இல்லாமல்தான் வரும். இதைப் பெட்டி மேலேயே அச்சடித்திருப்பார்கள், இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். எஸ்ஏஇ 30 கிரேடு, கிட்டத்தட்ட 1.4 லிட்டர். பெங்களூர்க் குளிருக்கு இந்த கிரேடு வருடம் முழுக்கப் போதும். பிளக்கைக் கழற்றி வைத்துவிட்டு ஸ்டார்ட்டரில் சிறிது நேரம் சுற்றி ஆயிலை எல்லா இடத்துக்கும் ஏற்றினோம். பிறகு பிளக்கை 0.030 அங்குல இடைவெளியில் சரி செய்து மாட்டி, அண்ணனையே சீட்டில் உட்கார வைத்துச் சாவியைத் திருப்பச் சொன்னேன். இரண்டு சுற்றில் பிடித்துக்கொண்டது. டிப்ஸ்டிக் துவாரத்தின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். காற்று அடிக்கவில்லை. "சத்தமே வேற மாதிரி இருக்குதும்மா" என்று மட்டும் சொன்னார்.

இன்ஜின் வேகத்தை டாக்கோமீட்டரில் பார்த்து நிமிடத்துக்கு 3,300 சுற்றுக்குப் பக்கத்தில் இருப்பதை உறுதி செய்தேன். அந்த வேகத்தைக் கட்டுப்படுத்துகிற கவர்னர் ஸ்பிரிங்கைக் கொஞ்சம் இழுத்துவிட்டால் இன்னும் வேகமாக வெட்டுமே என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். செய்யவே கூடாது. பிளேடு நுனியின் வேகம் நிமிடத்துக்கு 19,000 அடியைத் தாண்டக் கூடாது என்பது அமெரிக்கப் பாதுகாப்புத் தரம். 21 அங்குல பிளேடு நிமிடத்துக்கு 3,450 முறை சுற்றினாலே அந்த எல்லை வந்துவிடும். பள்ளி மைதானத்தில் கிடக்கிற ஒரு கூழாங்கல்லை அந்த பிளேடு அடித்தால் என்ன ஆகும் என்று யோசித்தால் ஸ்பிரிங்கில் கை வைக்கத் தோன்றாது.

கடைசியாக பெட்ரோல். இப்போது பங்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. இந்தச் சின்ன இன்ஜின்களின் கையேட்டில் 10 சதவீதம் வரை என்றுதான் போட்டிருக்கிறார்கள். நமக்கு வேறு வழி இல்லை, ஆனால் தேங்க விடாமல் பார்த்துக்கொள்ள முடியும். எத்தனால் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். கேனில் மாதக்கணக்கில் வைத்த பெட்ரோலை ஊற்றக் கூடாது, வாரத்துக்குத் தேவையானதை மட்டும் வாங்க வேண்டும். நீண்ட விடுமுறை வந்தால் டேப்பை மூடிவிட்டு கார்புரேட்டரில் இருப்பது தீர்ந்து தானாக நிற்கும் வரை ஓட விட வேண்டும். இதை அண்ணனிடம் சொன்னேன், அவர் நோட்டில் எழுதிக்கொண்டார்.

ஏர் ஃபில்டர் பெட்டியோடு நான்கு வாங்கிப் பள்ளி ஸ்டோரில் வைக்கச் சொல்லியிருக்கிறேன். மேலே போடுகிற நுரை உறையை மட்டும் சோப்புத் தண்ணீரில் கழுவிக் காய வைத்து மாட்டலாம். பேப்பரைக் கழுவக் கூடாது என்று டப்பாவின் மூடியின் உள்பக்கம் தமிழிலும் கன்னடத்திலும் பெயின்டால் எழுதிவிட்டோம், அண்ணன் லீவில் போனால் வேறு ஆள் வருவார் என்பதற்காக. மாட்டும்போது விளிம்பைச் சுற்றி விரலை ஓட்டி, எங்கும் தூக்கிக்கொள்ளவில்லை என்று பார்க்க வேண்டும்.

ஐந்து மணிநேரம் ஓடியதும் முதல் ஆயிலை நானே போய் மாற்றினேன். பழைய இன்ஜினில் ஸ்டார்ட்டர் மோட்டார், காயில் இரண்டும் நன்றாக இருந்தன, துடைத்து அலமாரியில் வைத்திருக்கிறோம். மீதி பழைய இரும்புக்குப் போயிற்று. இடதுபக்க ஸ்பிண்டில் பேரிங் இன்னும் பாக்கி. டிசம்பர் விடுமுறையில் டெக்கை இறக்கி அதையும் முடித்துவிடலாம் என்று பேசி வைத்திருக்கிறோம்.